புங்க மரத்தடியில் நின்ற சோலார் வண்டி

கேம்பர் டிரெய்லரில் சோலார் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன பங்குனியில், மதுரை கோச்சடையிலிருந்து சோழவந்தான் பக்கம் ஒரு தோப்பு வரைக்கும், சுமார் இருபது கிலோமீட்டர் போனோம். இதெல்லாம் ஒரு பயணமா என்று சிரிக்காதீர்கள். இந்த இருபது கிலோமீட்டருக்காக நான் வீட்டில் இரண்டு வருடம் சண்டை போட்டிருக்கிறேன்.

எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே இன்சுலின் ஊசி. அன்றாடம் போடும் ஊசிப் பேனா கொஞ்ச நாள் வெளியே தாங்கும். இருப்பில் வைக்கும் மருந்து இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். கடைசியாக ராமேஸ்வரம் கிளம்பியபோது ஐஸ்பெட்டியை நம்பினோம். பரமக்குடி தாண்டுவதற்குள் ஐஸ் தண்ணீராகி, மருந்து வெதுவெதுப்பாகி, போன வழியே திரும்பினோம். அன்றிலிருந்து என் கணவர் கோபால் என்னை ஊறுகாய் மாதிரி ஜாடியில் போட்டு மூடிவிட்டார். அன்பால்தான். ஆனாலும் மூடி மூடிதானே!

ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற எங்கள் டிரெய்லர், இரண்டு பேர் படுக்கிற அளவுக்குச் சின்னது. அது வாசலில் தூசி தின்றுகொண்டிருந்தது. மாசியில் ஒருநாள், "உசிலம்பட்டில ஒருத்தர் கேக்குறாரு, குடுத்துரலாமா?" என்றார் கோபால். எனக்கு வந்த கோபத்தில் ஒரு பந்தயம் கட்டினேன். சோலார் போட்டு, குளிர்பெட்டி வைத்து, ஒரு ராத்திரி வெளியே தங்கி, மறுநாள் பொழுது சாய்ந்துதான் திரும்புவோம். மருந்து கெடாமல் திரும்பினால் வண்டி நம்முடையது. கெட்டால் திங்கட்கிழமை அந்த மனிதர் வந்து ஓட்டிக்கொண்டு போகட்டும்.

ஆரப்பாளையம் பக்கம் ஒரு கடையில் சாமான் வாங்கினேன். இருநூறு வாட் பலகை இரண்டு, நூறு ஆம்பியர் லித்தியம் பேட்டரி ஒன்று, சார்ஜைப் பார்த்து ஏற்றுகிற கன்ட்ரோலர், பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் குளிர்பெட்டி. எல்லாம் சேர்த்து எண்பதாயிரத்தை ஒட்டி வந்தது. பொருத்தித் தந்தவர் எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் செல்வம். வீட்டு இன்வெர்ட்டர் பார்க்கிறவர், வண்டி வேலை அவருக்கும் இதுதான் முதல் தடவை.

"யக்கா, இம்புட்டுக் காசு எதுக்கு? பழைய லாரி பேட்டரி ஒண்ணு போட்டா ஓடிட்டுப் போகுது."

"பாதிக்கு மேல இறங்கினா அது செத்துப்போகும் செல்வம். வெயிட்டு வேற. லித்தியமே போடுங்க."

கூரையில் ஓட்டை போட எனக்கு மனசே வரவில்லை. மழை பெய்தால் ஒழுகுமே! ஒவ்வொரு திருகுக்கும் பசையை நானே அப்பினேன். பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில், காற்றுப் போகிற மாதிரி வைத்து இறுக்கிக் கட்டினோம். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஒயரைத் தடிமனாகப் போட வேண்டும் என்று செல்வம் பிடிவாதம் பிடித்தார். இரண்டு பேரும் சொன்னது சரிதான். உச்சி வெயிலில் தெருவில் நிறுத்திச் சோதித்தபோது மீட்டரில் பதினெட்டு ஆம்பியர் காட்டியது. நான் செல்வத்துக்கு இரண்டு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன்.

அந்த மிதப்பில் ஒரு திமிர்த்தனமும் செய்தேன். பேட்டரி அறுபது சதவீதத்தில் இருந்தது. வீட்டுக் கரண்டில் முழுசாக ஏற்றிக்கொண்டு போகலாம் என்றார் செல்வம். வேண்டாம், சூரியனே ஏற்றட்டும் என்றேன்.

சனிக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பினோம். அந்தத் தோப்பு கோபாலின் கல்லூரி நண்பர் ராசு அண்ணனுடையது. தலைமுறை தலைமுறையாக அங்கே விவசாயம் பார்க்கிற குடும்பம். அவர் வரப்பிலேயே நின்று கையைக் காட்டினார். "மாப்ள, அந்தப் புங்க மரத்துக்கு அடியில விடு. வெயிலு மண்டையப் பொளக்கும்." கோபால் பின்பக்கமாக எடுத்து, ஒரு சக்கரம்கூட வெளியே தெரியாமல் நிழலுக்குள் நுழைத்தார். நான் இறங்கி நின்று, "இன்னும் கொஞ்சம் உள்ள, இன்னும் கொஞ்சம்" என்று சைகை காட்டினேன். இதை மறக்காதீர்கள்.

அந்தப் பகல் சொர்க்கம். ராசு அண்ணன் வீட்டிலிருந்து அயிரை மீன் குழம்பு வந்தது. குளிர்பெட்டி நாலு டிகிரியில் நின்றது. கோபால்கூடச் சிரித்தார். ராத்திரி மின்விசிறி போட்டுத் தூங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மீட்டரைப் பார்த்தேன். பதினெட்டு சதவீதம். நேற்று முழுக்க ஏற வேண்டியது இறங்கியிருந்தது. கோபால் எட்டிப் பார்த்தார். போனை எடுத்து உசிலம்பட்டிக்காரர் எண்ணைத் தேட ஆரம்பித்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

செல்வத்தைக் கூப்பிட்டேன். "ரோட்டுல குலுங்குனதுல ஒயரு லூசாகியிருக்கும்க்கா. மேல ஏறி அசைச்சுப் பாருங்க." ராசு அண்ணன் ஏணி கொண்டுவந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, பலகையில் கையை ஊன்றினேன்.

குளுகுளுவென்று இருந்தது.

பங்குனி மாதம், காலை ஒன்பதரை மணிக்கு, எங்கள் ஊரில் வெளியில் கிடக்கிற எந்தச் சாமானாவது குளுகுளுவென்று இருக்குமா? நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே பச்சைப் பசேலென்று புங்க இலை. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். வெயிலின் அருமை எனக்கு நிழலில்தான் தெரிந்தது. வண்டி நிறுத்த நிழல் தேடுவது மதுரைக்காரர்களுக்குப் பிறவிக் குணம். எண்பதாயிரத்துக்குச் சோலார் வாங்கி, ஒரு பொட்டு வெயில் படாமல் நானே சைகை காட்டி நிறுத்தியிருக்கிறேன்!

எங்கள் வீட்டு மொழி சௌராஷ்டிரம். கோபம் வந்தால் அதுதான் முதலில் வரும். கூரை மேலே நின்று என்னையே அதில் திட்டிக்கொண்டேன். ராசு அண்ணனுக்கு மொழி புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது.

"வண்டியைக் களத்துக்கு எடுங்க," என்று கத்தினேன்.

"தங்கச்சி, பொட்டல்ல போட்டா உள்ள வெந்துருவீகளே!"

"நாங்க எதுக்குண்ணே உள்ள இருக்கணும்? வண்டி வெயில்ல நிக்கட்டும், நாம மரத்தடியில இருப்போம்."

கதிரடிக்கிற களத்தில் வண்டி அனாதையாக நின்றது. நாங்கள் மூன்று பேரும் புங்க மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். வண்டிக்குள் அடுப்பு மாதிரி கொதித்தது. சூட்டில் பெட்டி ஓயாமல் ஓடியது. நாலில் இருந்தது ஆறு ஆனது. ஏழு ஆனது. ஜன்னல்களைத் திறந்து, பெட்டியின் மேல் தடித்த ஜமுக்காளத்தை, காற்றுத் துவாரம் மறையாமல் போர்த்தினேன். அரைமணி நேரம் ஏழிலேயே நின்றது. பிறகு ஆறு. பேட்டரி முப்பது, ஐம்பது என்று ஏறியது. மூன்று மணிக்கு எண்பதைத் தாண்டியபோது நான் களத்தில் நின்று அழுதுவிட்டேன். வெட்கமெல்லாம் படவில்லை.

கோபால் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்போதுதான் மனதில் இருந்ததைச் சொன்னேன். "நீங்களும் ரெண்டு வருஷமா என்னைய நிழல்லயேதான் நிப்பாட்டி வச்சிருந்தீங்க." நான் குடித்து மீந்ததை அவர் குடித்தார்.

போகிறவர்களுக்கு என் யோசனை: கிளம்பும்போதே பேட்டரியை வீட்டில் முழுசாக ஏற்றிவிடுங்கள், திமிர் வேண்டாம். பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் போட்டிருந்தால், ஒன்றின் மேல் கிளை நிழல் விழுந்தாலும் மற்றதும் சுணங்கிவிடும். முடிந்தால் நீள ஒயரோடு தரையில் வைக்கிற பலகை ஒன்று தனியாக வாங்குங்கள். வண்டி நிழலில் நிற்கும், பலகை வெயிலில் காயும். நான் இப்போது அப்படித்தான் செய்திருக்கிறேன். மருந்து எடுத்துப் போகிறவர்கள் பெட்டிக்குள் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். முதல் சோதனையை ஊருக்குப் பக்கத்திலேயே செய்யுங்கள்.

திங்கட்கிழமை காலை உசிலம்பட்டிக்காரரே கூப்பிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். கோபால் வாசலில் நின்று பேசியது காதில் விழுந்தது.

"இல்லண்ணே, விக்கல... ஆமா, வீட்டுல ராமேஸ்வரம் போறாக... நானா? கூட்டிட்டுப் போனா நானும் போறேன்."