அஞ்சுக்கு ரெண்டு

அன்புக்கரசி டீச்சருக்குப் போன வருஷம் மேடையில் சால்வை போட்டார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒரு பிள்ளைகூடத் தோற்கவில்லை என்பதற்காக. எரியோட்டுப் பக்கத்துப் பட்டிகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும் எங்கள் அரசுப் பள்ளிக்கு அது பெரிய பெயர்தான். சால்வையை அவர் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டாராம். மறதி என்றார். நான் நம்பவில்லை.

நான் அங்கே அறிவியல் எடுக்கிறவள். எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. அவர் திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவர், பஸ் கண்டக்டர் மகள். கணக்கு அவருக்கே லேசில் வந்ததில்லை. பள்ளியில் மனப்பாடம் செய்து தப்பித்து, கல்லூரியில்தான் "இது ஏன் இப்படி?" என்று வாய்விட்டுக் கேட்டாராம். அங்கே ஒரு மேடம் எரிந்து விழாமல் பதில் சொன்னார். அதிலிருந்து பிடித்துக்கொண்டது. கணக்கு வராத பிள்ளையைக் கண்டால் அவருக்குக் கோபம் வராது. அந்தப் பிள்ளையை மேலே தள்ளிவிட்டவர்கள் மேல்தான் வரும்.

அந்தச் சால்வைக்கு ஒரு வருஷம் முந்தி, ஜூன் மாதம் பத்தாம் வகுப்புக்குள் நுழைந்ததும் பலகையில் ஒரு கணக்குப் போட்டார். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? முக்கால்வாசிப் பேர் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டிவிட்டார்கள். நானாக இருந்தால் "இதுகூடத் தெரியாம எப்படி பத்தாவது வந்தீங்க?" என்று ஒரு பிடி பிடித்திருப்பேன். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

அவர் தமிழ்மதியை எழுப்பினார். முருங்கைக் காட்டில் கூலிக்குப் போகும் பேச்சாயியின் மகள். அடி விழப்போகிறது என்று நினைத்து அந்தப் பெண் கையை முன்னாலேயே நீட்டிவிட்டது.

"கையக் கீழ போடு தாயி. இந்த விடை உனக்கு எப்படி வந்துச்சு? அத மட்டும் சொல்லு."

"ரெண்டு மார்க் கேள்வியில ஒண்ணு வாங்குனேன். மூணு மார்க் கேள்வியில ஒண்ணு வாங்குனேன். அப்ப அஞ்சுக்கு ரெண்டுதான டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே என்னிடம் சொன்னார்: "அக்கா, அந்தப் புள்ள ஒண்ணும் மக்கு இல்ல. மார்க்க நாம அப்படித்தான கூட்டுறோம்? அதே மாதிரி பின்னத்தையும் கூட்டியிருக்கா. ஆறு வருசமா தப்புன்னு பெருக்கல் குறி போட்டே அனுப்பியிருக்காங்க. ஏன்னு ஒரு ஆளு கேக்கல."

மறுநாள் காகிதத்தை நீள நீளமாக வெட்டிக்கொண்டு வந்தார். எல்லாம் ஒரே அளவு. ஒன்றை இரண்டாக மடிக்கச் சொன்னார், ஒன்றை மூன்றாக, இன்னொன்றை ஐந்தாக. அடுத்த அறையில் ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டிருந்த எனக்கே தமிழ்மதி கத்தியது கேட்டது.

"டீச்சர்! அஞ்சுல ரெண்டு அரையக் காட்டியும் கம்மியா இருக்கு! அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தா எப்படிக் கொறையும்?"

அவளே கேட்டு, அவளே காகிதத்தை ஆறாக மடித்து, ஆறில் ஐந்து என்று கண்டுபிடித்தாள். வகுப்பு முடிந்து வெளியே வந்தவரின் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"பதினொண்ணுல நான் மேக்ஸ் குரூப் எடுக்கலாமா டீச்சர்?"

"எடு தாயி. நான் இருக்கேன்ல."

அந்த மூன்று மாதங்கள் அன்புக்கரசி டீச்சர் நடந்த நடையே வேறு. வகுத்தல், பின்னம், குறை எண் என்று நாலாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தார். தமிழ்மதி ஒவ்வொரு தப்புக்கும் ஒரு காரணத்தோடு வந்து நிற்பாள். டீச்சர் அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டே பாடத்துக்குள் போவார்.

இதற்கெல்லாம் யார் நேரம் கொடுக்கிறார்கள்? ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்று ஆரம்பப் பள்ளியை நடத்துகிறோம். அந்த இரண்டில் ஒருவர் பயிற்சிக்கோ கணக்கெடுப்புக்கோ போயிருப்பார். இருப்பவர் போனில் எதையாவது பதிவேற்றிக்கொண்டிருப்பார். பின்னம் புரியாத பிள்ளை ஆறுக்கு வரும், எட்டுக்கு வரும், யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள். பத்தாம் வகுப்பில் மட்டும் எல்லோருக்கும் திடீரென்று அக்கறை பொங்கும். ஆறாம் வகுப்பில் ஒரு பருவம் புதுப் பாடமே வேண்டாம், வந்த பிள்ளைக்கு எது வரும், எது வராது என்று உட்கார்ந்து பாருங்கள் என்று ஒரு உத்தரவு போட்டால் போதும். போட மாட்டார்கள். அதில் போட்டோ எடுக்க ஒன்றும் இல்லை.

காலாண்டுத் தேர்வில் எங்கள் பள்ளி கணக்கில் கடைசிக்கு வந்தது. வராமல் என்ன செய்யும், பாதிப் பாடம் நடத்தவே இல்லையே. திண்டுக்கல்லில் நடந்த கூட்டத்தில், இருநூறு ஆசிரியர்களுக்கு நடுவில் அவரை எழுந்து நிற்கச் சொன்னார்கள். "நாலாங்கிளாஸ் பாடம் நடத்தவா உங்களுக்குச் சம்பளம்?" என்று கேட்டார் ஓர் அதிகாரி. எல்லோரும் குனிந்துகொண்டார்கள். அங்கே குனிந்த தலைகளில் என்னுடையதும் ஒன்று.

திரும்பி வந்ததும் தலைமையாசிரியர் அழகுராஜா சார் ஒரு மெல்லிய கையேட்டை அவர் முன்னால் வைத்தார். "டீச்சர், தொடுகோடும் கிராஃபும் மட்டும் பதினாறு மார்க். பாடத்துக்குப் பின்னாடி இருக்குற ஒரு மார்க் கேள்விகள உருப்போட வைங்க. தேறிருவாங்க. புரியவைக்கிறதெல்லாம் பெறகு பாக்கலாம். புள்ளைக ஃபெயிலாயிட்டா வேலைக்கு ஏத்திட்டுப் போக மில்லு வேன் வந்து வாசல்ல நிக்கும், அது தெரியும்ல?"

அந்த ஆள் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

அக்டோபரிலிருந்து வகுப்பில் சத்தம் நின்றுபோனது. காலையும் மாலையும் வரைபடம். எந்தக் கேள்விக்கு எந்தப் புள்ளிகள் என்று அட்டவணையோடு மனப்பாடம். ஒருநாள் தமிழ்மதி எழுந்து, "இந்தக் கோடு ஏன் டீச்சர் வளையுது?" என்று கேட்டாள். டீச்சருக்கு அதைச் சொல்ல இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாள் அவர் கையில் இல்லை.

"யோசிக்காத தாயி. கை பழகட்டும். வரஞ்சுக்கிட்டே இரு."

அதைச் சொல்லிவிட்டு வந்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

மே மாதம் முடிவு வந்தது. எல்லோரும் தேறிவிட்டார்கள். தமிழ்மதி நாற்பத்தொன்று. மறுநாள் ஒரு பாக்கெட் சாக்லேட்டோடு பள்ளிக்கு வந்தாள். முகம் அப்படியொரு மலர்ச்சி.

"நீங்க சொன்னதுதான் டீச்சர். எதையும் யோசிக்கல. அப்படியே வரஞ்சிட்டேன்."

"ரெண்டு மார்க்குல ஒரு பின்னக் கணக்கு வந்துச்சே. போட்டியா?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். பாத்ததும் வர்ற மாதிரிதான் இருந்துச்சு. யோசிச்சா நேரம் போயிரும்னு தொடாம விட்டுட்டேன்."

டீச்சர் சாக்லேட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"நல்லது தாயி. அடுத்து என்ன, மேக்ஸ் குரூப்தான?"

தமிழ்மதி சிரித்தாள். தப்பித்து வந்த பிள்ளையின் சிரிப்பு.

"அய்யோ, வேண்டவே வேண்டாம் டீச்சர். ஒரு தடவ கும்பிட்டுத் தாண்டியாச்சு. கணக்கே இல்லாத குரூப் எது எதுன்னு சொல்லுங்க, அதுல ஒண்ணு எழுதிக் குடுத்துர்றேன்."

அன்புக்கரசி டீச்சர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.