நெட்டைத்துரையைப் பிடித்த ஞாயிறு

காப்பிப் பழத்தின் சிவப்புத் தோல் குவியலாகக் கிடந்து புளிக்கிற வாடை, தெல்தெனியவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில், பழம் எடுக்கிற மாதங்கள் முழுக்க எங்கள் சட்டையிலும் தலைமுடியிலும், ஏன், சோற்றிலும்கூட ஏறியிருக்கும். கண்டிக்குப் படிக்க வந்த புதிதில் வகுப்புப் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். எனக்கோ அந்த வாடை இல்லாமல் தூக்கமே வரவில்லை. வாடை புறப்பட்ட இடம், பழத்தோல் உரிக்கிற ஸ்டோர். அந்த ஸ்டோரை ஒட்டித்தான் எங்கள் மலையிலேயே சமமாக இருந்த ஒரே ஒரு துண்டு நிலம் கிடந்தது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் "மட்டம்".

மலையில் பிறக்காதவர்களுக்கு மட்டத்தின் அருமை தெரியாது. எங்களுக்கு வாசலும் சரிவு, கோயிலும் சரிவு, ஓடிப் பிடித்து விளையாடினால் கீழே இருக்கிறவன்தான் எப்போதும் தோற்பான். எங்கள் துரை, எந்நேரமும் வாயில் சுருட்டோடு இருந்ததால் தோட்டம் முழுக்கச் "சுருட்டுத்துரை" என்று பெயர் வாங்கியவர், கிரிக்கெட் ஆடுவதற்கென்று ஆட்களை விட்டு மலையை வெட்டி அதைச் சமமாக்கினார். வெட்டிய மண் வெறும் மண்ணாகக் கிடந்தவரை ஞாயிற்றுக்கிழமை சாயந்தரங்களில் ஆட்கள் அங்கே சடுகுடு ஆடினார்கள். புல் பதித்த பிறகு, குதிகால் பட்டுப் புல் பெயர்கிறது என்று துரை தடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல், ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் சரிவிலேயே ஆடிப் பார்த்தார்கள். பாடிப் போனவன் திரும்பி வரவில்லை, ஓடை வரைக்கும் உருண்டு போனான்.

இந்தத் தடையால் அதிகம் வாடியவர் என் மாமா முத்துக்கருப்பன், அம்மாவின் தம்பி, இந்தியாவில் வளர்ந்து பிழைக்க வந்தவர். வாரம் முழுக்கக் குழி வெட்டுகிற மனிதருக்கு, கை கால் தம்முடையது என்று தெரிகிற நேரம் அந்த ஒரு சாயந்தரம்தான். விளையாட்டென்றால் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். பின்னாளில் நான் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் பத்திரிகைகளில் படித்ததை அவரிடம் கொட்டுவேன். ஸ்கொத்லாந்துக்காரர் முழு மரத்தைத் தூக்கி எறிகிறார்களாம் என்றால், "எதுக்கு? வெறகுக்கா?" என்பார். ஜப்பானில் மலைபோலப் பருத்தவர்கள் ஒரு வட்டத்துக்குள் நின்று தள்ளிக்கொள்கிறார்கள் என்றால், "வட்டம் எவ்வளவு பெருசு?" என்று அளவு கேட்பார். ஸ்பெயினில் மாட்டோடு மோதிக் கடைசியில் அதைக் கொன்றுவிடுகிறார்கள் என்று சொன்னதும், எழுந்தே நின்றுவிட்டார். "கொன்னுபுட்டா அடுத்த வருசம் எதைடா புடிப்பாங்க, கிறுக்குப் பயலுக?"

நான் சொல்ல வந்தது எனக்குப் பத்து வயதுபோல இருந்தபோது நடந்தது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தின் துரை, ஆறடிக்கு மேலே வளர்ந்த "நெட்டைத்துரை", தம் நண்பர்களோடு கிரிக்கெட் ஆட எங்கள் மட்டத்துக்கு வந்திருந்தார். சுருட்டுத்துரையின் நண்பர்கள் சிலர் காய்ச்சலில் படுத்துவிட, ஆள் குறைந்தது. தோட்டத்தில் ஓடத் தெரிந்தவர்கள் மூன்று பேரைக் கூட்டிவரச் சொல்லி, கணக்கப்பிள்ளையான என் அப்பாவை அனுப்பினார். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியும். அதனால் துரைமாருக்கும் ஆட்களுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு விழிப்பது எப்போதும் அவர்தான்.

"வர்றோம்னு சொல்லுங்க மச்சான்," என்றார் மாமா. "ஆனா ஜெயிச்சா, ஞாயித்துக்கெழம சாயந்தரம் மட்டம் எங்களுக்குன்னு கேளுங்க."

"தொரகிட்டயே பேரம் பேசுறியாடா?"

"நான் எங்க பேசுறேன்? நீங்கதானே பேசப்போறீங்க."

அப்பா போய்ச் சொன்னார். சுருட்டுத்துரை ஒரு இழுப்பு இழுத்து, புகையை விட்டு, சரி என்று தலையாட்டினார். அவ்வளவுதான், தோட்டமே சரிவில் ஏறி உட்கார்ந்துவிட்டது. யார் ஜெயித்தால் மட்டம் யாருக்கு என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

முதலில் எங்கள் பக்கம் மட்டை பிடித்தது. மாமா மட்டையை மண்வெட்டிபோலப் பிடித்து நின்றார். வந்த முதல் பந்திலேயே பின்னால் இருந்த குச்சிகள் பறந்தன. பிறகு அவர்கள் ஆடினார்கள். ஒவ்வொருவராக அவுட்டாகிப் போக, நெட்டைத்துரை மட்டும் அசையாமல் நின்று அடித்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் ஓட்டம் எடுத்தால் அவர்களுக்கு வெற்றி, எங்களுக்கு மட்டம் இல்லை. அந்த நேரத்தில் ஒரு பந்தைத் தட்டிவிட்டு ஓடினார். பாதி தூரத்தில் பந்து திரும்பி வருவதைப் பார்த்துத் தயங்கி நின்று, வந்த வழியே திரும்பினார்.

எதிராளி ஒருவன், தனியாக, இரண்டு கோட்டுக்கும் நடுவில், தன் எல்லைக்குத் திரும்பி ஓடுகிறான். இதைக் கண்ட பிறகு மாமாவின் உடம்பு அவரைக் கேட்டுக்கொண்டா இருக்கும்? பாய்ந்தார். இரண்டு கையாலும் நெட்டைத்துரையின் கணுக்காலைக் கட்டினார். ஆறடி மனிதர் புல்லில் நீட்டி விழுந்தார்.

விழுந்தவர் வாயிலிருந்து மூச்சு இடைவெளி இல்லாமல் இங்கிலீஷ் கொட்டத் தொடங்கியது. பின்னாளில் நான் படித்த பாடப்புத்தகம் எதிலும் அந்த வார்த்தைகள் இல்லை. சரிவிலிருந்து ஒருவன் எழுந்து கத்தினான்: "பாடுறாருடா!"

"மூச்சப் பாருங்கடா, கொறையவே மாட்டேங்குது!"

அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். "விடுடா! கால விட்டுத் தொலைடா, பாவி!"

மாமா தலையைக்கூடத் திருப்பவில்லை. "இன்னும் பாடிக்கிட்டுத்தானே இருக்காரு மச்சான்? மூச்சு வுடட்டும், வுடுறேன்."

ஒரு வழியாக நெட்டைத்துரைக்கு மூச்சு முட்டியது. அந்த நொடியே மாமா பிடியை விட்டார், கைகொடுத்துத் தூக்கிவிட்டார், கால்சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டியும் விட்டார். தட்டிக்கொண்டிருந்தபோதுதான், தாம் தட்டுவது யாருடைய கால்சட்டை என்பது அவருக்கு உறைத்தது. முகம் செத்துப்போனது. துரைமேல் கை வைத்தவனுக்குக் கண்டிக் கோர்ட்டும் சிறையும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆட்களை மேய்க்கிற கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சரிவில் என் அம்மா தம்பி பெயரைச் சொல்லி அழவே தொடங்கிவிட்டாள்.

நெட்டைத்துரை தொப்பியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, அப்பாவிடம் வந்து ஏதோ கேட்டார். அப்பா அதை இரண்டு தரம் கேட்டுவிட்டு, நம்பாத முகத்தோடு மாமா பக்கம் திரும்பினார்.

"எங்க படிச்சேன்னு கேக்குறாரு."

"எதை?"

"கால் புடிக்கிறத."

அவருடைய ஊரில், பள்ளிக்கூடத்தில், கோழிமுட்டை வடிவத்தில் ஒரு பந்தை வைத்துக்கொண்டு குளிரில் சேற்றில் புரண்டு ஆடுவார்களாம். காலைக் கட்டி ஆளை விழுத்தாட்டுவதுதான் அதில் பெரிய கெட்டித்தனமாம். கடல் தாண்டி வந்த பிறகு தம்மை இவ்வளவு அழகாக யாரும் விழுத்தாட்டவில்லை என்றார். இதை அப்பா சொல்லி முடித்ததும் மாமாவுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் கொழுப்பும் வந்தது.

"எங்கூர் ஆத்து மணல்ல படிச்சேன்னு சொல்லுங்க. வேணும்னா இன்னொரு தரம் வரட்டும். இந்தத் தரம் சொல்லிட்டே புடிக்கிறேன்."

அப்பா தயங்கினார். பிறகு, அந்த மனிதருக்குள் அவ்வளவு தைரியம் எங்கிருந்ததோ, ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். நெட்டைத்துரை உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்.

மட்டையாலேயே நடுவில் கோடு கிழித்தார்கள். "சடுகுடு" அவர் நாக்கில் ஏறவில்லை. சரி, பழைய வார்த்தைகளையே பாடட்டும் என்று ஆட்கள் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்கள். இருட்டுகிற வரை ஆட்டம். கிரிக்கெட்டில் யார் ஜெயித்தது என்று கேட்க ஒருவருக்கும் நினைவில்லை. மறுநாள் சுருட்டுத்துரை, எருமை புரண்டதுபோலக் கிடந்த மட்டத்தைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னாராம்: காப்பாற்றப் புல்லே இல்லை, இனி ஆடிக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்து ஆட்கள் ஓடை தாண்டி வந்தார்கள். முன்னால் குதிரையில் நெட்டைத்துரை.

எத்தனை நாளைக்கு? காப்பிக்கு நோய் வந்து இலையின் அடியில் மஞ்சளாகத் தூள் பூத்தது. உதறினால் போய்விடும் என்று முதலில் உதறினோம். மலை மலையாகச் செடி மொட்டையானது. நெட்டைத்துரை குதிரையை விற்றுவிட்டுக் கப்பலேறினார். அவருடைய ஆட்களில் பாதிப்பேர் கடற்கரை வரை நடந்து, தோணியேறி இந்தியாவுக்கே போனார்கள். அந்தப் பக்கத்து லயங்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. எங்கள் பக்கம் இப்போது தேயிலை.

போன மாதம் நான் போனபோது மாமா மட்டத்தில் தேயிலைக் கன்றுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். "என்ன மாமா, மட்டத்தையுமா? நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"எதுக்குக் கேக்கணும்?" மண்வெட்டியை நிறுத்தாமலே சொன்னார். "எடம் இருந்து என்னடா பண்றது? அந்தப் பக்கம் நிக்க ஆளு போயிருச்சே."

நான் சும்மா இருப்பேனா? செருப்பைக் கழற்றிவிட்டு, குழிகளைத் தாண்டி எதிரே போய்க் குனிந்து நின்றேன். மாமா நிமிர்ந்து, கண்டியில் படித்து இளைத்த என் காலை ஒரு தரம் பார்த்தார். சிரித்தார். பிறகு கன்றுக்கூடையைத் தூக்கி என் பக்கம் நகர்த்தினார்.

"நிக்கிறதுதான் நிக்கிற, அந்த வரிசைய நட்டுட்டு வா."

நட்டேன்.