சுக்கு கனத்த வாரம்

"ஒரு பிள்ளையோட முகத்தைப் பார்த்தாப் போதும், நோட்டைத் திறக்காமலே மார்க்கைச் சொல்லிருவேன். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூடத் தப்பல. தப்பிருச்சுன்னா அன்னைக்கே வேலையை விட்டுட்டு போர்ட் கொச்சியில போயி வலை இழுக்கேன்."

மட்டாஞ்சேரிப் பள்ளியொன்றின் ஆசிரியர் அறையில், ஒரு கையில் சாயாவும் மறு கையில் பருப்புவடையுமாக நின்று பேச்சியம்மாள் டீச்சர் இதை அறிவித்தபோது, கணக்கு வாத்தியார் ரமேஷ்பாபு தன் வடையை மெல்லுவதை நிறுத்தினார். அது பயபக்தி. சுள்ளிக்கல்லில் பிறந்து, மாநகராட்சிச் சிப்பந்தியின் மகளாக வளர்ந்து, எட்டாம் வகுப்பு அறிவியலைக் கட்டியாளும் ஒரு பெண்மணிக்கு இப்படியொரு ஞானக்கண் திறந்திருப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் வடை இறங்கும்?

டீச்சரின் முறை எளிமையானது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, தேய்த்த சட்டை, "டீச்சர்" என்று கூப்பிட்டவுடன் நிமிரும் பார்வை, இவை இருந்தால் உயர்ந்த மார்க். வகுப்பில் ஸ்ரீநாத்துக்கு எல்லாமே இருந்தன. விஜிக்கு எதுவும் இல்லை. அவள் அம்மா காமாக்ஷி, பஜார் குடோனில் சுக்கு பொறுக்கித் தரம் பிரிப்பவர். அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசை செய்துவிட்டு வரும் விஜியின் தலைமுடியில் சுக்குத் தூள் இருக்கும், பார்வை ஜன்னலில் இருக்கும். மேற்கொண்டு ஆராய என்ன இருக்கிறது?

இந்த ஜூனில் ஒரு சோதனை வந்தது. தலைமையாசிரியை பாக்கியலக்ஷ்மி புதிய மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தார். மொத்த மார்க் என்பதே கிடையாது. கேள்வி எழுப்புதல், சோதனையைத் திட்டமிடுதல், அளந்து பதிவு செய்தல், ஆதாரத்திலிருந்து முடிவுக்கு வருதல் என நான்கு திறன்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் நான்கு வரை நிலை. சராசரி எடுக்கக் கூடாது. அழகான கையெழுத்துக்கும் பணிவான வணக்கத்துக்கும் நிலை இல்லை. தவறியவர்கள் கேட்டால் மறுபடி செய்து காட்டலாம். கடைசியாகக் காட்டியதுதான் செல்லும். நான்கிலும் மூன்றாம் நிலைக்குக் குறையாதவர்களுக்கு எர்ணாகுளத்தில் அறிவியல் முகாம். அங்கே மைக்ராஸ்கோப்பைக் கையால் தொட விடுவார்களாம். விஜி அன்றிலிருந்து ஜன்னலைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

பேச்சியம்மாள் டீச்சர் கலங்கவில்லை. நான்கு திறன் என்றால் முகத்தை நான்கு முறை பார்த்தால் ஆயிற்று.

அளந்து பதிவு செய்யும் திறனுக்கு, இஞ்சித் துண்டை ஐந்து நாள் உலரவிட்டு அன்றன்றைக்கு எடை பார்க்கச் சொல்லியிருந்தது கையேடு. ஆனி மழையில் இஞ்சி பூஞ்சை பிடித்து வகுப்பு நாறும் என்று டீச்சர் முன்கூட்டியே யோசித்தார். "சுக்கும் இஞ்சிதானே" என்று தீர்ப்பளித்து, ஆளுக்கு ஐம்பது கிராம் சுக்கை மெல்லிய துணியில் முடிந்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார். முப்பத்துநான்கு முடிச்சுகள். "நாளாக நாளாக எடை குறையும். குறையறதைக் குறிச்சுட்டு வாங்க."

பிள்ளைகள் குறித்தார்கள். ஸ்ரீநாத்தின் நோட்டில் ஐம்பது, நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு என்று எண்கள் படிக்கட்டில் இறங்குவதுபோல் இறங்கின. மற்ற முப்பத்திரண்டு பேரும் அதே படியில் இறங்கியிருந்தார்கள். விஜி மட்டும் ஏறியிருந்தாள். வெள்ளிக்கிழமை அவள் எழுதியது ஐம்பத்திரண்டு.

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். மற்றவர்களுக்கெல்லாம் நான்கு போட்டவர், அவளுக்கு ஒன்று போட்டார்.

"டீச்சரே, ஏறிச்சு, அதான் எழுதினேன்."

"காயப்போட்ட சாமான் கனக்குமா?"

"மழைக்குச் சுக்கு ஈரம் குடிக்கும். அம்மா சொன்னாங்க. ஆனி மாசம் குடோன்ல சுக்கு விக்கிறவங்களுக்குச் சிரிப்பாணி, வாங்குறவங்களுக்கு எரிச்சல்."

"உங்கம்மா சொன்னா ஆதாரமாயிருமா?"

"அதான் டீச்சரே, மறுபடி செஞ்சு காட்டறேன். கேட்டா விடணும்னு ஹெச்செம் சொன்னாங்க."

விதி விதிதான். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் நிலைப் பட்டியல் தலைமையாசிரியைக்குப் போயாக வேண்டும். திங்கள் காலையில் டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, விஜி தன் முடிச்சை அவிழ்த்துச் சுக்கை மட்டும் மின்தராசில் கொட்டினாள். ஐம்பத்திரண்டு புள்ளி மூன்று.

"தராசு கோளாறு" என்றார் டீச்சர்.

விஜி ஆய்வக அலமாரியிலிருந்து ஐம்பது கிராம் எடைக்கல்லை எடுத்துத் தட்டில் வைத்தாள். தராசு ஐம்பது என்றது. இரண்டாம் முறை வைத்தாள். அப்போதும் ஐம்பது. பிறகு கல்லைத் துடைத்து, எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மட்டாஞ்சேரி பஜாரின் ஒவ்வொரு குடோனுக்கும் தெரிந்த விஷயம், அந்த பஜார் வழியே இருபத்திரண்டு வருஷம் வேலைக்கு நடந்த ஒருத்தருக்குத் தெரியாமல் போனதே என்று இங்கே யாரும் குறை சொல்ல வேண்டாம். பள்ளி வாசலைத் தாண்டினால் சுக்கும் பாடப்புத்தகத்துக்குக் கட்டுப்படும் என்றே அவர் நம்பினார். முப்பத்துமூன்று பிள்ளைகளும் நம்பினார்கள். தராசு ஏறுவதைக் கண்ணால் பார்த்து, டீச்சர் சொன்னதை நோட்டில் எழுதினார்கள். அத்தனை பேரைத் தங்கள் கண்ணையே நம்பாதபடி பழக்குவது லேசுப்பட்ட சாதனையா?

பதினோரு மணி இடைவேளையில் ரமேஷ்பாபு ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்த்தார். மேசை முழுக்க அவிழ்த்த துணிகள். டீச்சரின் மூக்கு நுனியில் சுக்குத் தூள்.

"என்ன டீச்சரே, சாயா ஆறுது. வரலையா?"

"இருபது முடிச்சு பாக்கி இருக்கு மாஷே."

"ஒவ்வொண்ணா நிறுக்கணுமா? முகத்தைப் பார்த்துச் சொல்லிரலாமே!"

டீச்சர் அடுத்த முடிச்சை எடுத்தார். பெயர்ச்சீட்டில் அச்சடித்ததுபோல் ஸ்ரீநாத் என்று இருந்தது. தராசில் கொட்டினார். ஐம்பத்திரண்டு புள்ளி ஐந்து. பக்கத்தில் அவன் நோட்டு திறந்திருந்தது: நாற்பத்தாறு. டீச்சர் தும்மினார். கண்ணில் நீர் வந்தது. சுக்கின் காரம் அப்படி.

முப்பத்துநான்கையும் நிறுத்து முடித்துப் பட்டியலைத் திறந்தார். விஜியின் ஒன்றை அழித்து நான்கு போட்டார். மற்ற முப்பத்துமூன்று நான்குகளையும் ஒன்றாக்கினார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "மறுபடி செய்து காட்டலாம், எடை குறையும் என்று தவறாகச் சொல்லிக் கொடுத்தது ஆசிரியை" என்று, வெட்டி ஒட்டாமல், முப்பத்துமூன்று தடவை தட்டச்சு செய்தார். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் பட்டியலை அனுப்பினார்.

ரமேஷ்பாபு ஆறிய சாயாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

டீச்சர் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"போர்ட் கொச்சியில வலை இழுக்க ஆள் வேணுமான்னு கொஞ்சம் விசாரிச்சு வைங்க, மாஷே."