சக்சனிக் கும்பம்

லோக்குவாட் இலைகளைக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றாகச் சாடியின் வாயில் செருகிக்கொண்டிருந்தார் சந்திரகலா. ஐந்து இலை, நடுவில் தேங்காய். மெல்பேர்ணில் மாவிலைக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு மரம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறது, அது போதும். கிளேட்டனில் அவர் தனியே குடியிருக்கும் சின்ன வீட்டில் வெள்ளிதோறும் இந்தக் கும்பம் உண்டு.

பூசைக்கு வந்திருந்த நான் அந்தச் சாடியைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். அரும்பொருளகத்தில் பீங்கான் அலுமாரிகளுக்கு விபர அட்டை எழுதுவது என் தொழில். சாடியைச் சுற்றிப் பொற்கொடிகள், பீங்கானிலேயே இதழ் இதழாக வனைந்த ரோஜாக்கள். இரண்டு பக்கமும் இறக்கை முளைத்த அம்மணக் குழந்தைகள். அவர்கள் நெற்றியில் குங்குமம்!

"என்ன தம்பி, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறியள்? பச்சைப் பிள்ளையளுக்குப் பொட்டு வைக்காமல் விடலாமே? ஆஸ்பத்திரியிலை நான் பாத்த ஜேர்மன் மனுசி, சாக முதல் என்ரை கையிலை தந்தது. இங்கை பித்தளைக் குடம் எங்கை எடுக்கிறது?"

மறுநாள் திரும்பவும் போய், கும்பம் கலைத்தபின் சாடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் நீல நிறத்தில் குறுக்கே வைத்த இரண்டு வாள்கள். ஜேர்மனியில் சக்சனி அரசன் நடத்திய பீங்கான் தொழிற்சாலையின் முத்திரை! இருநூறு வருடங்களுக்கும் முன்னர் அரண்மனை விருந்தில் பிரபுக்கள் வாய்பிளந்து பார்த்த சாமான். இதற்கு ஒரு மூடி இருந்ததா என்று கேட்டேன்.

"ஓம், குசினியிலை கிடக்குது. தயிர்ச்சட்டிக்கு அளவாப் போச்சு."

போய்ப் பார்த்தேன். பொன்மொட்டுக் கைபிடியோடு தயிரை மூடிக்கொண்டிருந்தது. கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாற்பத்தைந்து வயதுத் தாதி அவர். கலியாணம் கட்டவில்லை. வேலைக்குப் புறப்படும்போது, "மூத்தவன், இளையவன், போட்டு வாறன்" என்று அந்தக் குழந்தைகளிடம் சொல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். ஒரு நாள் மறந்துபோய், பஸ் தரிப்பிடத்திலிருந்து திரும்பி வந்தாராம்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். அலுவலகத்தில் பெருமையாகச் சொன்னேன். கதை காதுக்குக் காது போய், மூன்றாம் வெள்ளிக்கிழமை அந்த ஜேர்மன் அம்மாளின் மகன் வாசலில் வந்து நின்றார். தாயை ஏமாற்றிப் பிடுங்கியதாகக் கத்தினார். நோயாளியிடம் தாதி பரிசு வாங்கினால் வேலை போய்விடும். சாடியைத் தராவிட்டால் ஆஸ்பத்திரிக்கு எழுதுவேன் என்றார். அந்த அம்மாள் படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் எட்டிப் பாராத மகன்! நானல்லவா அவரை அங்கே வரவழைத்தவன்?

சந்திரகலாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் குரல் உயரவில்லை.

"கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கோ, தம்பி. கும்பத்துத் தண்ணியைக் கண்ட இடத்திலை ஊத்தேலாது."

தேங்காயை எடுத்து வைத்தார். தண்ணீரை எலுமிச்சை மரத்தடியில் ஊற்றினார். சேலைத் தலைப்பால் சாடியைத் துடைத்துக் கொடுத்தார். குழந்தைகளின் பொட்டை மட்டும் அழிக்கவில்லை. மகன் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு காருக்குப் போனார். அவருக்கு மூடி இருப்பதே தெரியாது. அதுவாவது சந்திரகலாவுக்கு மிஞ்சட்டும் என்று நானும் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

கார் உறுமியது. உள்ளே குசினியில் தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் வெறுங்காலோடு சந்திரகலா தெருவில் ஓடினார். கார்க் கண்ணாடியைத் தட்டி நிறுத்தினார். கையிலிருந்த மூடியை மூக்கருகில் கொண்டுபோய், தயிர் மணம் போய்விட்டதா என்று ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, உள்ளே நீட்டினார்.