ஒரு பைட் போதும் என்றான் தம்பி

கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு, கற்பிட்டியில் வீட்டில் இருந்தபடியே சி மொழியில் புரோக்ராம் எழுதுகிறேன். அந்த வேலை முடிந்து முதுகை நிமிர்த்துகிற நேரத்தில் வீட்டாரின் வேலை தொடங்கும். கூலியும் கிடையாது, நன்றியும் கிடையாது. குடும்பத்தில் ஒருத்தி கொம்பியூட்டர் படித்துவிட்டால் அவள் கதி அவ்வளவுதான்.

தம்பிக்குச் சொந்தமாக ஒரு போட் இருக்கிறது. விடியும் முன் சுபஹு தொழுதுவிட்டுக் கடலுக்குப் போவான், நடுப்பகல் லுஹருக்கு முன் கரைக்கு வருவான். அவன் வந்து சேரும்வரை மச்சிக்கு, அதாவது அவன் பொஞ்சாதிக்கு, ஒரு துண்டுப் பாணும் தொண்டையில் இறங்காது. "மதினி, ஆள் எங்க நிக்கிதெண்டு தெரிஞ்சாப் போதும்" என்று என் கதிரைக்குப் பின்னால் நின்று நச்சரித்தாள். பொறுக்க முடியாமல் ஒரு சின்னப் பெட்டி செய்து கொடுத்தேன். போட்டின் பெட்டரியில் ஓடும், உள்ளே சிம் இருக்கும். போட் நிற்கிற இடத்தை இரண்டு எண்களாக எடுத்து, எழுத்தாக மாற்றாமல், பச்சை பைட்டுகளாகவே என் கொம்பியூட்டருக்கு அனுப்பும். சொல்ல லேசுதான். முதல் நாள் பைட்டுகள் முன்பின்னாக மாறி வந்ததில் போட் உலகப் படத்துக்கே வெளியே போய்விட்டது. மச்சி குழறிய குழறலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள்.

அதைத் திருத்தினேன். படத்தில் போட்டின் புள்ளி ஒழுங்காக ஓடியது. மச்சி தன் போனில் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள், தன் ராத்தாவுக்கும், அதாவது அக்காவுக்கும், காட்டினாள். கொஞ்ச நாளில் புள்ளி காலையிலேயே காணாமல் போகத் தொடங்கியது. பிழை என்னுடையது என்றுதான் நினைத்தேன். சி மொழியில் send என்று ஒன்று இருக்கிறது. கொடுத்ததை எல்லாம் ஒரேயடியாக எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. பாதியை வாங்கிக்கொண்டு இவ்வளவுதான் எடுத்தேன் என்று ஓர் எண்ணைச் சொல்லும், மிச்சத்தை நாம்தான் திரும்பக் கொடுக்க வேண்டும். முழுதாக எடுத்துக்கொண்டாலும் அது போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. எல்லாவற்றுக்கும் வழி எழுதினேன். கண் இரண்டும் எரிந்தது. புள்ளி மறுபடியும் காணாமல் போனது.

ஒரு பகல் சோற்றைப் பிசைந்துகொண்டே தம்பி சொன்னான்: "பெட்டிட வயரக் கழட்டுறது நான்தான், ராத்தா."

"என்னடா சொல்றா?"

"இவ ராத்தாட்டக் காட்ட, அவட மாப்பிள அடுத்த நாளே என்ட இடத்தில வந்து வலை போட்டுட்டான். எத்தின வருசமாத் தேடிப் புடிச்ச இடம் தெரியுமா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் சோற்றுக் கோப்பையை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். நான் ஒரு மாதமாகப் பிழை தேடிச் செத்துக்கொண்டிருக்கிறேன், இவன் வயரைக் கழற்றிவிட்டு மீன் பிடிக்கிறான்! மச்சி ஒரு பக்கம் அழ, கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். இடத்தை அனுப்ப வேண்டாம், உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் போகட்டும். அதற்கு ஒரு பைட் போதும்தானே? ஓம், போதும். கொஞ்ச நேரத்துக்கு ஒருதடவை வெறும் ஒன்று வரும்படி மாற்றினேன். அவன் வயரில் கைவைக்கவில்லை. மச்சியும் கொஞ்சம் சாப்பிடப் பழகினாள்.

பிறகு ஒரு நாள் லுஹர் பாங்கு சொல்லியும் அவன் வரவில்லை. பின்னேரம் அசரும் ஆனது. காற்று எழும்பிவிட்டது. அவன் போன் வேலை செய்யவில்லை. என் திரையில் மட்டும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று வந்துகொண்டே இருந்தது.

"வருதுதானே மதினி? ஆளுக்கு ஒண்டுமில்லதானே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அது பெட்டி உயிரோட இரிக்கிற கணக்கு, புள்ள. அவன் போட்டில இரிக்கானா எண்டு அதுக்குத் தெரியாது."

அவள் அழவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. "இப்ப அவர் போற புது இடம் எனக்குத் தெரியும்" என்றாள். "ஒருத்தர்ட்டயும் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கியிரிக்காரு. சொன்னா என்னோட கதைக்கவே மாட்டாரு."

சொல்லிக்கொண்டே போனைக் கையில் எடுத்தாள். அவள் கூப்பிட்டது தன் ராத்தாவின் புருஷனை, தம்பியின் இடத்தில் வலை போட்ட அதே ஆளைத்தான். "தலவில கோயில் முகடும் கடைசிக் காத்தாடியும் ஒரே நேராத் தெரியுற இடம், மச்சான். கீழ கல்லு இரிக்காம். கெதியாப் போங்க" என்று, கரையில் தெரியும் தலவில தேவாலயத்தையும் காற்றாலையையும் குறி வைத்துத் திருத்தமாகச் சொன்னாள்.

பொழுது படும் மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் தம்பியின் போட்டைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு வந்தார். என்ஜின் நின்றுபோய், போனும் நனைந்து, நங்கூரத்தைக் கல்லில் போட்டுவிட்டு அந்த இடத்திலேயே கிடந்திருக்கிறான். கரையில் நின்ற நான் அல்ஹம்துலில்லாஹ் என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மச்சி உடுப்போடு இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடிப் போட்டைப் பிடித்தாள்.

மச்சானும் சும்மா வரவில்லை. போன இடத்தில் ஒருதரம் வலையை விட்டும் பார்த்திருக்கிறார். அவர் போட் நிறையப் பாரை மீன் கிடந்தது, இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

தம்பி இறங்கினான். உதடு வெடித்து, முகம் கறுத்து, அந்த மீனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"யாரு சொன்ன?" என்றான்.

"நான்தான்" என்றாள் மச்சி, அவன் கையைப் பிடித்தபடி. அவன் கையை இழுக்கவில்லை. ஆனால் அவள் பக்கம் திரும்பவும் இல்லை.

அவள் என் பக்கம் பார்த்தாள். "மதினி," என்றாள், "இன்னும் மீனத்தான் பாக்காரு."