ரக்டர் ஓடும் கரை

முல்லைத்தீவில் எங்கள் கரையில், கடலில் வளைத்த கரைவலையை இப்போது வயல் உழும் ரக்டர்தான் கரைக்கு இழுக்கிறது. என் கணவர் அந்த வலையில் வேலை செய்கிறார். வலை ஏறியதும் மீன் பிரிக்க நானும் போவேன்.

ஒரு காலை ரக்டரின் பின்னால் நடந்துபோனேன். சக்கரத் தடத்தில் மணல் நிறச் சிறு நண்டுகள் நசுங்கிக் கிடந்தன. ஒன்று மட்டும் உயிரோடிருந்தது. ஒரு பக்கக் கால்கள் போய்விட்டதால், மூடிப்போன தன் வளையைத் தேடி அது வட்டமாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

பார்க்க முடியாமல் கணவரிடம் போனேன்.

"இஞ்சருங்கோ, கீழால ஈர மணலில ஓடச் சொல்லுங்கோ. மேலால முழுக்க நண்டு வளை."

அவர் சிரிக்கவில்லை. போய்ச் சாரதியிடம் சொன்னார். சாரதியும் மறுபேச்சில்லாமல் ரக்டரை அலையோரம் இறக்கினார். எனக்கு மனம் ஆறியது.

சக்கரம் ஈர மணலில் உருண்டதும் நறநறவென்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மணலுக்குள் புதைந்திருந்த சிறு மட்டிகள் ஓடு உடைந்து, வெள்ளைச் சதை பிதுங்கிக் கிடந்தன.

கணவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இனி எதால ஓடச் சொல்ல?" கோபமில்லாமல், உண்மையாகவே கேட்டார்.

"தெரியேல்லை. முந்தி மாதிரிக் கையால இழுக்க ஏலாதோ?"

"இழுக்க ஆக்கள் எங்க?"

வலை கரையேறியது. அன்று சூடை மீன் நிறையப் பட்டிருந்தது. எங்கள் வீட்டுச் சோறு அதுதான். குந்தியிருந்து பிரிக்கத் தொடங்கினேன். அடுத்த வலைக்காக ரக்டர் திரும்பும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கத்தால் போகிறதென்று நான் பார்க்கவில்லை.