கல் பொறுக்கிய வயல்

என் கணவர் ஓட்லைவ் முப்பது வருடமாக ஒரே விஷயத்துக்காகக் கத்திக்கொண்டிருந்தார். மலைகளுக்கிடையே கடல் புகுந்து கிடக்கும் ஃபியோர்டுக் கரையிலுள்ள எங்கள் பார்லி வயலில்தான் பழங்காலத்துத் தேவாலயம் இருந்தது என்பார். மாவட்ட அலுவலகமோ அதைப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஸ்வெனுங்கின் நிலத்தில் இருந்ததாக எழுதி வைத்திருந்தது. வசந்தம் வந்து பனி உருகியதும் மண் கற்களைக் கக்கும். அலுவலகத்தைத் திட்டியபடியே அவர் கல் பொறுக்குவார். கூடவே குனிந்து குனிந்து என் இடுப்பும் போனது.

போன வாரம் தொல்லியல் ஆய்வாளர் இங்வில் மண்ணுக்கடியில் இருப்பதைக் காட்டும் ரேடார் கருவியை வயல் முழுக்க இழுத்துக்கொண்டு நடந்தாள். திரையில் ஒரு நீள்சதுரமும் அதைச் சுற்றிக் கல்லறைக் குழிகளும் தெரிந்தன.

"அந்த ஆபீஸ்காரனுங்கள இங்க வரச் சொல்லும்மா. மூஞ்சியப் பாக்கணும்" என்றார் ஓட்லைவ்.

"தேவாலயம் இங்கதாங்க இருந்திருக்கு. ஆனா அஸ்திவாரத்துல ஒரு கல்லுகூட இல்ல, வெறும் பள்ளம்தான். யாரோ மொத்தமா எடுத்துட்டுப் போயிருக்காங்க" என்றாள் இங்வில்.

"எந்தப் படுபாவி எடுத்தான்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊரைத் திட்டுனது போதும். நீங்க கட்டுன பன்னிக் கொட்டகைச் சுவத்தப் போய்ப் பாருங்க."